ரெய்டு: பல வன்தட்டுகளில் தரவைக் காக்கும் முறைகளின் வரலாறு

ரெய்டு என்றதும் நம் ஊரில் வருமான வரித் துறைதான் ஞாபகத்துக்கு வரும். கணினித் துறையில் அச்சொல்லுக்கு வேறு பொருள். பல வன்தட்டுகளை இணைத்து ஒரே சேமிப்பகம் போல இயங்கச் செய்து, அவற்றுள் ஒன்றோ இரண்டோ பழுதானாலும் உள்ளே இருக்கும் தரவு அழியாமல் காக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். இது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. 1988இல் இப்பெயரை அறிமுகம் செய்தவர்கள் கருதிய பொருளைத் தமிழில் சொன்னால், 'மலிவான வன்தட்டுகளின் மிகை அணி' என்று வரும். மிகை என்பது இங்கே தேவைக்கு மேல் சேர்த்து வைக்கும் காப்பு. பிற்காலத்தில் 'மலிவான' என்ற சொல் போய், 'தனித்தனியான' என்ற சொல் வந்து சேர்ந்தது. இந்தச் சொல் மாற்றத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

ரெய்டு 0, ரெய்டு 1, ரெய்டு 5, ரெய்டு 6, ரெய்டு 10 என்று எண்ணிட்டு அழைக்கப்படும் வகைகளை 'நிலைகள்' என்கிறார்கள். நிலை என்றதும், ஒன்றாம் வகுப்பை விட ஐந்தாம் வகுப்பு மேல் என்பது போல, எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்று மாணவர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியன்று. ரெய்டு 0 எதையும் காக்காது. ரெய்டு 1 பல சூழல்களில் ரெய்டு 5ஐ விட உறுதியானது. இந்த எண்கள் தர வரிசை அல்ல. வெவ்வேறு தேவைக்கு வெவ்வேறு காலத்தில் சொல்லப்பட்ட விடைகளுக்கு இட்ட பெயர்கள். அதனால்தான் இதை வரலாறாகப் படித்தால் எளிதில் விளங்கும்.

கரிசல் காட்டுக் கணக்கு

நான் கோவில்பட்டிப் பக்கம் பள்ளியில் கணிதம் கற்பித்தவன். வானம் பார்த்த பூமி இது. ஆற்றுப் பாசனம் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் இறங்கும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைப்பு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் கரிசல் மண்ணுக்கு உண்டு. மழை பொய்த்தால் அந்த மண்ணும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே பழைய சம்சாரி எவரும் புஞ்சை முழுவதும் ஒரே வெள்ளாமை வைக்கமாட்டார். பருத்திக்கு நடுவே உளுந்தோ பாசிப்பயறோ ஓடும். ஒரு பக்கம் கம்பு, ஒரு பக்கம் சோளம், ஓரத்தில் மல்லி. பருத்தியில் காய்ப்புழு விழுந்தால் உளுந்து கைகொடுக்கும். உளுந்து பூக்கும்போது மழை கெடுத்தால் கம்பு வீட்டுக்கு வரும். இதனால் எந்த வருடமும் முழு லாபம் கிடையாது. எல்லாம் போய்த் தலையில் துண்டு போடுகிற வருடமும் குறைவு. கொஞ்சம் விளைச்சலை விட்டுக்கொடுத்து, கெடுதலின் அளவைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

ரெய்டும் இதையேதான் செய்கிறது. கொஞ்சம் இடத்தை விட்டுக்கொடுத்து இழப்பைக் குறைக்கிறது. ஆனால் கலப்பு வெள்ளாமையால் தப்ப முடியாத கேடு ஒன்று உண்டு. மழையே இல்லாத வருடத்தில் பருத்தியும் கம்பும் உளுந்தும் சேர்ந்தே கருகும். அந்த வருடத்துக்குச் சம்சாரி வேறொரு ஏற்பாடு வைத்திருந்தார். குலுக்கையில் சாம்பல் கலந்து வைத்த விதை ஒன்று. அதுவும் போனால், வேறு ஊரில் சம்பந்தி வீட்டில் கேட்டு வாங்கக்கூடிய விதை இன்னொன்று. ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாடும், எல்லாம் சேர்ந்து போனால் என்ன செய்வது என்ற ஏற்பாடும் வேறு வேறு. ரெய்டின் வரலாற்றில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிப்போயிருக்கின்றன.

பெரிய தட்டும் சிறிய தட்டுகளும்

உலகின் முதல் வணிக வன்தட்டுச் சேமிப்பகத்தை ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்டது. ராமாக் என்ற கணினியோடு வந்த அதில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகளை. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதில் அடங்குவது கடினம்.

அடுத்த முப்பது ஆண்டுகள் பெருங்கணினிகளின் காலம். அவற்றோடு பெரிய, விலை உயர்ந்த வன்தட்டுகளும் வளர்ந்தன. 1980களில் மேசைக் கணினிகள் பரவியபோது, அவற்றுக்கென மூன்றரை அங்குலச் சிறிய வன்தட்டுகள் பெருமளவில் வரத் தொடங்கின. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் இந்த மாற்றத்தைக் கவனித்தார்கள். கணினியின் செயலி ஆண்டுதோறும் வேகமெடுக்கிறது, வன்தட்டு மட்டும் பின்தங்கி நிற்கிறது, ஒரு நாள் முழுக் கணினியும் தட்டுக்காகக் காத்துக் கிடக்கும் என்பது அவர்களது கவலை.

1987 இறுதியில் அறிக்கையாக எழுதி, 1988 ஜூனில் சிகாகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் படித்த கட்டுரையில் ஒரு ஒப்பீடு வைத்தார்கள். ஐபிஎம் 3380 வகைப் பெரிய வன்தட்டு ஒன்றின் கொள்ளளவு 7,500 மெகாபைட். அது உண்ணும் மின்சாரம் 6,600 வாட். கானர் நிறுவனத்தின் சிறிய தட்டு ஒன்றின் கொள்ளளவு 100 மெகாபைட். மின்சாரம் 10 வாட். ஆக 75 சிறிய தட்டுகளைச் சேர்த்தால் அதே 7,500 மெகாபைட், 750 வாட் மின்சாரத்தில். 75 தட்டுகள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் தரவை எடுத்துத் தரும் திறன் பெரிய தட்டைப் போல 12 மடங்கு வரை போகக்கூடும் என்றும் கணக்கிட்டார்கள்.

பிறகு ஏன் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை? அதற்கும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு சிறிய தட்டு சராசரியாக 30,000 மணி நேரம், அதாவது மூன்றாண்டுக்குச் சற்று மேல், பழுதில்லாமல் ஓடும். 100 தட்டுகளைச் சேர்த்து வைத்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகச் சராசரியாக ஆகும் நேரம் 30,000ஐ 100ஆல் வகுத்து வரும் 300 மணி. இரண்டு வாரம் கூட இல்லை. தரவு எல்லாத் தட்டிலும் துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கும்போது ஒன்று போனால் மொத்தமும் போச்சு. நூறு ஓட்டைச் சைக்கிளை ஒரே கயிற்றில் கட்டி ஓட்டுவது போல.

மலிவான தட்டுகளை நம்ப வேண்டுமானால், ஒன்று போனாலும் அதிலிருந்த தரவைத் திரும்பப் பெற வழி வேண்டும். அந்த வழியைத்தான் ஐந்து விதமாக அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். இவற்றை எல்லாம் அவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் பிழை. ஒரே தரவை இரு தட்டில் எழுதும் முறையை டான்டம் என்ற நிறுவனம் 1970களிலேயே தன் கணினிகளில் கையாண்டது. பழுதான சேமிப்பகத்தின் தரவை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைக்கு ஐபிஎம்மைச் சேர்ந்த நார்மன் கென் ஔச்சி 1978இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்லி மூவர் செய்தது, சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, எண்ணிட்டு, ஒன்றோடொன்றை ஒப்பிட ஒரு பொது அளவுகோலைத் தந்தது. பாடநூல் எழுதுகிறவன் செய்யும் வேலைதான் இது. அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

கூட்டுத்தொகை

நிலைகளை விளக்கும் முன் ஒரு கணக்கு. மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவனுக்குத் தமிழ் 72, ஆங்கிலம் 58, கணிதம் 81, அறிவியல் 64, சமூக அறிவியல் 75. கூடுதல் 350. பதிவேட்டில் கணிதம் எழுதிய இடத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தின்றது போனாலும் மதிப்பெண் போகவில்லை. மற்ற நான்கையும் கூட்டினால் 269. 350இலிருந்து கழித்தால் 81. ஐந்து எண்களைக் காக்க ஆறாவதாக ஒரே ஒரு எண் போதும்.

கணினி எல்லாவற்றையும் 0, 1 என்று எழுதுவதால் கூட்டுத்தொகையும் எளிதாகிறது. நான்கு தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1, 1 இருந்தால், ஒன்றுகளின் எண்ணிக்கை மூன்று, ஒற்றைப்படை. அதை இரட்டைப்படையாக்க ஐந்தாவது தட்டில் 1 என்று எழுதி வைக்கிறார்கள். எந்தத் தட்டு போனாலும், மீதியில் உள்ள ஒன்றுகளை எண்ணிப் பார்த்துப் போனது 0வா 1ஆ என்று சொல்லிவிடலாம். இந்தச் சரிபார்ப்பு எண்ணைப் பேரிட்டி என்கிறார்கள்.

ஐந்து நிலைகள்

முதல் நிலை, கண்ணாடிப் பிம்பம். ஒரு தட்டில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதுவது. கணக்கு எதுவும் வேண்டாம். ஒன்று போனால் மற்றது இருக்கும். வாங்கிய இடத்தில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும் என்பதே குறை.

இரண்டாம் நிலை, பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் வெளியிட்ட பிழை திருத்தக் குறியீட்டைத் தட்டுகளுக்குப் பொருத்தியது. பத்துத் தரவுத் தட்டுக்கு நான்கு சரிபார்ப்புத் தட்டு வேண்டும். ஏன் இத்தனை? ஹாமிங் முறை, எது பிழை என்றும் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்யும். பதிவேட்டில் ஐந்து மதிப்பெண்களும் தெளிவாகவே இருக்கின்றன, ஆனால் ஏதோ ஒன்று தவறு என்றால், கூடுதலை மட்டும் வைத்து எது தவறு என்று சொல்ல முடியாது. அதற்குக் கூடுதல் எண்கள் தேவை. ஆனால் வன்தட்டு பழுதானால் பெரும்பாலும் அதைக் கட்டுப்படுத்தும் கருவிக்கே தெரிந்துவிடும். கரையான் தின்ற இடம் கண்ணுக்குத் தெரிவது போல. எது போனது என்று தெரிந்த பிறகு அதைக் கண்டுபிடிக்க மூன்று தட்டு எதற்கு? இரண்டாம் நிலை இதனால்தான் சந்தையில் நிலைக்கவில்லை.

மூன்றாம் நிலை அந்த மிகையை வெட்டியெறிந்தது. எத்தனை தரவுத் தட்டு இருந்தாலும் பேரிட்டிக்கு ஒரே தட்டு. ஆனால் எல்லாத் தட்டுகளும் சேர்ந்தே இயங்கும். நீண்ட காணொளி போன்ற ஒரே பெரிய கோப்பை எடுப்பதற்கு நல்லது. வங்கியில் போலப் பல பேர் பல சிறிய கணக்குகளை ஒரே நேரத்தில் பார்ப்பதற்கு ஆகாது. நான்காம் நிலையில் தரவைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து வைத்ததால், ஒரு சிறிய கோப்பைப் படிக்க ஒரு தட்டு போதும். மற்றவை வேறு வேலை பார்க்கலாம்.

படிப்பதில் தீர்ந்த சிக்கல் எழுதுவதில் நின்றது. மறுகூட்டலில் அந்த மாணவனின் ஆங்கில மதிப்பெண் 58இலிருந்து 61 ஆனது என்று கொள்வோம். பழைய மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், பழைய கூடுதலைப் பார்க்க வேண்டும், வித்தியாசமான 3ஐச் சேர்க்க வேண்டும், புது மதிப்பெண்ணை எழுத வேண்டும், புதுக் கூடுதலை எழுத வேண்டும். ஒரு சிறு திருத்தத்துக்குத் தட்டுகளில் நான்கு முறை கை வைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, பள்ளியின் எல்லா மாணவர்களின் கூடுதலும் ஒரே பதிவேட்டில் இருந்தால் திருத்த வந்த ஆசிரியர் அத்தனை பேரும் அந்த ஒரு பதிவேட்டுக்காக வரிசையில் நிற்பார்கள். நான்காம் நிலையின் பேரிட்டித் தட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

ஐந்தாம் நிலையின் சாமர்த்தியம், பதிவேட்டைப் பிரித்ததில் இருக்கிறது. முதல் வரிசையின் பேரிட்டி ஐந்தாம் தட்டில், இரண்டாம் வரிசையின் பேரிட்டி நான்காம் தட்டில் என்று சுற்றி வரும்படி வைத்தார்கள். எல்லாத் தட்டிலும் தரவும் இருக்கும், பேரிட்டியும் இருக்கும். வரிசை கலைந்தது. நான்கு முறை கை வைக்கும் செலவு மட்டும் குறையவில்லை. அது இன்றும் ரெய்டு 5இன் பிறவிக் குறை. அதனால்தான் ஓயாமல் திருத்தி எழுதும் தரவுத்தளங்களுக்கு முதல் நிலையையே இன்றும் பலர் நாடுகிறார்கள்.

பெர்க்லிக்காரர்கள் காகிதத்தோடு நிற்கவில்லை. சன் நிறுவனக் கணினி ஒன்றில் ஐந்தேகால் அங்குலத் தட்டுகள் 28ஐ இணைத்து ஒரு மாதிரியைச் செய்து பார்த்தார்கள். 1990களில் இது வணிகப் பொருளாகிவிட்டது. பிற்காலத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருளாகவே வந்து சேர்ந்ததால், இன்று பழைய கணினி ஒன்றும் தட்டுகளும் இருந்தால் கல்லூரி மாணவர் எவரும் காசில்லாமல் செய்து பார்க்கலாம்.

பூஜ்யம், ஆறு, பத்து

1988 கட்டுரையில் பூஜ்யம் இல்லை. தரவைத் துண்டாக்கித் தட்டுகளில் பரப்பி, பாதுகாப்பு எதுவும் சேர்க்காமல் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறைக்குப் பின்னால் வந்தவர்கள் ரெய்டு 0 என்று பெயரிட்டார்கள். பெயரில் உள்ள 'மிகை' இதில் கிடையாது. அந்த வகையில் பூஜ்யம் என்ற எண் பொருத்தம்தான்.

ஆறாம் நிலை இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும். ஒரு கூட்டுத்தொகையை வைத்து இரண்டு எண்களை எப்படி மீட்பது? முடியாது. இரண்டாவது தொகை வேண்டும். நமது மாணவனின் மதிப்பெண்களை வரிசைப்படி 1, 2, 3, 4, 5ஆல் பெருக்கிக் கூட்டுவோம்: 72, 116, 243, 256, 375. மொத்தம் 1,062. இதையும் ஓரத்தில் எழுதி வைப்போம். இப்போது கணிதத்தையும் அறிவியலையும் கரையான் தின்றுவிட்டது. மற்ற மூன்றின் கூடுதல் 205. ஆக, போன இரண்டின் கூடுதல் 145. பெருக்கிய தொகையில் மீதமுள்ளவை 563. ஆக, கணிதத்தின் மூன்று மடங்கும் அறிவியலின் நான்கு மடங்கும் சேர்ந்து 499. முதல் சமன்பாட்டை மூன்றால் பெருக்கினால் 435. 499இலிருந்து கழித்தால் அறிவியல் 64. அப்படியானால் கணிதம் 81. பத்தாம் வகுப்புக்குள் படிக்கும் ஒருங்கமை சமன்பாடுகள் இவ்வளவே. உண்மையான ரெய்டு 6 சாதாரண எண்களுக்குப் பதில், இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் ஆகியோர் 1960இல் தந்த குறியீட்டின் இயற்கணிதத்தைப் பொதுவாகப் பயன்படுத்துகிறது. அடிப்படை ஒன்றுதான். இதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று கடைசி பெஞ்சிலிருந்து என்னைக் கேட்ட மாணவர்களுக்கு அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இது.

ரெய்டு 10 என்பது பத்தாவது நிலை அன்று. ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்தது. தட்டுகளை இணை இணையாகப் பிம்பமாக்கி, அந்த இணைகளின் மேல் தரவைப் பரப்புவது.

4 டெராபைட் தட்டுகள் நான்கு கையில் இருக்கின்றன என்று கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரெய்டு 0 தருவது 16 டெராபைட். ஒன்று போனால் எல்லாம் போகும். ரெய்டு 5 தருவது 12. எந்த ஒன்று போனாலும் தாங்கும். ரெய்டு 6 தருவது 8. எந்த இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10 தருவதும் அதே 8. இரண்டு போனால் தாங்குமா என்பது எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. அவற்றுள் ஒரே இணையைச் சேர்ந்தவை இரண்டு வழி. அந்த இரண்டில் மட்டும் தரவு போகும். ரெய்டு 10க்கு ஈடாக அது தருவது எழுதும் வேகமும், பழுதான தட்டைப் புதுப்பிக்கும்போது ஒரே ஒரு தட்டைப் படித்தால் போதும் என்ற எளிமையும்.

'தனித்தனி' என்ற சொல்

1988 கட்டுரை, 100 தரவுத் தட்டுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பத்துக்கு ஒரு பேரிட்டித் தட்டு சேர்த்தால், தரவை இழக்கச் சராசரியாக 8,20,000 மணி நேரம் ஆகும் என்றது. அதாவது 90 ஆண்டுகளுக்கு மேல். 300 மணி நேரம் 90 ஆண்டாக மாறியதைக் கண்டு உலகம் ரெய்டை அணைத்துக்கொண்டது வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. பழுதான தட்டை மாற்றி, தரவை மீட்டு எழுத ஒரு மணி நேரம் போதும் என்பது ஒன்று. ஒரு தட்டின் பழுதுக்கும் இன்னொன்றின் பழுதுக்கும் தொடர்பே இல்லை என்பது மற்றது. நாணயம் சுண்டும் கணக்கில் நாம் வைத்துக்கொள்ளும் அதே அனுமானம்.

முதல் அனுமானம் காலத்தால் உடைந்தது. தட்டின் கொள்ளளவு வளர்ந்த வேகத்தில் அதைப் படிக்கும் வேகம் வளரவில்லை. 100 மெகாபைட் தட்டை நிமிடங்களில் மீட்கலாம். பல டெராபைட் தட்டை மீட்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரம் முழுவதும் ரெய்டு 5க்குக் காப்பு எதுவும் இல்லை. சாதாரண வன்தட்டுகளுக்கு, 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகள் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுவது வழக்கம். அது ஏறத்தாழ 12.5 டெராபைட். நாம் மேலே பார்த்த நான்கு தட்டு ரெய்டு 5இல் ஒன்று போனால், மீட்பதற்கு மற்ற மூன்றிலும் படிக்க வேண்டியது 12 டெராபைட். ஆறாம் நிலை ஆடம்பரம் என்ற நிலை மாறி அவசியமானது இந்தக் கணக்கினால்தான்.

இரண்டாம் அனுமானத்தை உடைத்தவர்களுள் ஒருவர் கார்த் கிப்சனே என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியான்கா ஷ்ரோடரும் அவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் வன்தட்டுகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காட்டுத் தட்டுகள் மாற்றப்படுவது சாதாரணம், சில இடங்களில் 13 விழுக்காடு வரை போகிறது, இது தயாரிப்பாளர் சொல்லும் அளவைவிடப் பல மடங்கு என்றார்கள். அதைவிட முக்கியம், பழுதுகள் தனித்தனியாக வரவில்லை என்பது. ஒன்றை அடுத்து இன்னொன்று நெருங்கி வரும் போக்கு தெரிந்தது. தன் இளவயதுக் கணக்கின் அடிக்கல்லை இருபது ஆண்டு கழித்துத் தானே தோண்டிப் பார்க்கும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

பெயரில் 'மலிவான' போய்த் 'தனித்தனியான' வந்தது என்றேன் அல்லவா? தட்டுகள் தனித்தனிதான். அவை ஒரே பெட்டியில், ஒரே மின்கம்பியில், பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவையாக இருக்கின்றன. ஒரே புஞ்சையில் நிற்கும் பருத்தியும் உளுந்தும் போல.

சேர்ந்து வரும் கேடு

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கியவர். அதைப் பார்த்து வந்த ஆசையில், 1990களில் என் மாணவர்களோடு சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒலிநாடாவில் பேச்சுகளைப் பதிந்தேன். களையெடுப்புப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, மழைச் சொலவடை, உழவுக் கருவிகளின் பெயர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவற்றைக் கணினிக்கு மாற்றி, இரு தட்டுகள் கொண்ட பெட்டி ஒன்றில் ரெய்டு 1ஆக வைத்தேன். விற்றவர் சொன்னார்: "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு சார், பயப்படாதீங்க." அதை நம்பி ஒலிநாடாக்களில் பெரும்பகுதியைக் கழித்துக்கட்டினேன். பூசணம் பிடித்துப் போயிருந்தன, வீட்டில் இடமும் இல்லை.

ஒரு சித்திரை மாதத்துக் கோடை இடிமழையில் மின்கம்பி வழியாக வந்த அதிர்ச்சியில் இரண்டு தட்டுகளும் ஒரே நொடியில் போயின. விற்றவர் சொன்னது பொய்யில்லை. ஒன்று போயிருந்தால் இன்னொன்று இருந்திருக்கும். பாடியவர்களில் பலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். ஒரு பழைய மாணவரிடம் தங்கிப்போன பதினொரு நாடாக்கள் மட்டும் மிஞ்சின.

என்னுடையது சிறிய கதை. பெரிய இடங்களிலும் இதே வடிவம் திரும்ப வருகிறது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையின் தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நின்றது. மீண்டும் தொடங்கியது மாலை 3.45 மணிக்கு. முதன்மை மையத்துக்கும் அருகிலுள்ள காப்பு மையத்துக்கும் இடையே இரு வேறு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாடுதான். சாலையோரம் நடந்த தோண்டும் வேலைகளால் இரண்டும் தடுமாறின. அதைத் தொடர்ந்து சேமிப்பகப் பிணையம் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, முதன்மைச் சேமிப்பகத்தையே அணுக முடியாமல் போனது என்று சந்தை நிர்வாகம் விளக்கியது. தட்டு எதுவும் போனதாக அந்த விளக்கத்தில் இல்லை.

தமிழர்களுக்கு இதற்கு இன்னொரு நினைவு உண்டு. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் அழிந்தன. வேறு எங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவில்லை. வேறு வீடுகளில், வேறு ஊர்களில் பிரதி இருந்த ஈழத்து நூல்கள் பல, 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழியாக இன்று இணையத்தில் கிடைக்கின்றன. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி ஒப்பிட்டுப் பதிப்பிக்க முடிந்ததும், ஒரே நூல் பல ஊர்களில் படியெடுக்கப்பட்டுக் கிடந்ததால்தான்.

இணையப் பெருநிறுவனங்களும் ஏறத்தாழ இந்த வழிக்குத்தான் வந்தன. 2003இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட கோப்பு முறைமைக் கட்டுரையில், ஒரு கணினிக்குள் உள்ள தட்டுகளை ரெய்டாக இணைப்பதற்குப் பதில், ஒவ்வொரு தரவுத் துண்டையும் பொதுவாக மூன்று வேறு கணினிகளில் வைத்தார்கள். அந்த மூன்றும் வெவ்வேறு அடுக்குகளில் பரவி இருக்கும்படியும் பார்த்துக்கொண்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இடத்தையும் பார்த்த ஏற்பாடு இது. பின்னாளில் இடத்தை மிச்சப்படுத்த இத்தகைய முறைகளுக்குள்ளும் ரீட், சாலமன் குறியீடு நுழைந்தது. ரெய்டு 6இன் கணக்கு, இப்போது தட்டுகளுக்கு இடையே நடக்காமல் கணினிகளுக்கு இடையே நடக்கிறது.

ரெய்டு தடுக்கவே முடியாத இன்னொன்றும் உண்டு. அது நம் கை. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் ரெய்டு 1 அதை இரு தட்டிலும் ஒரே நொடியில், மிகுந்த விசுவாசத்தோடு அழிக்கும். பணயத்தொகை கேட்கும் நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டினால், பூட்டியதையே இரண்டாக எழுதி வைக்கும். அதனால் ரெய்டு இருக்கும் இடத்திலும் தனியாகக் காப்பு நகல் தேவை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று ஒரு எளிய வழக்கு கணினிக்காரர்களிடம் இருக்கிறது. தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டியில், சரக்கை எல்லாம் ஒரே கிட்டங்கியில் போடாதே என்பதை யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சிய பதினொரு நாடாக்களும் இப்போது வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கின்றன, அதே ரெய்டு 1 முறையில்தான். வேறு ஒரு தட்டு கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டுவருவாள். புதிதாகச் சேர்ந்ததை நகலெடுத்து, பழையதில் ஒன்றிரண்டை ஒலிக்க விட்டுக் கேட்டுப் பார்த்த பிறகு, மாட்டுப் பொங்கல் கழிந்து அது திரும்பவும் பேருந்து ஏறும்.